அண்ணன் பெயரில் பதினான்கு மாதம்

அந்தக் காலத்தில் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் நாற்காலிகள் குறைவு, தலைவர்கள் அதிகம். மடக்குகிற நாற்காலி மொத்தம் இருபத்துநான்கு. அவை வாசிகசாலைக்குச் சொந்தம். ஆனால் வாசிகசாலையில் அவற்றைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். திங்கட்கிழமை கோயில் திருப்பணிச் சபை, புதன்கிழமை மயான அபிவிருத்திச் சங்கம், வெள்ளிக்கிழமை தெருநாய்க் கமிட்டி என்று அவை ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தன. சுமந்தவன் நான். எல்லாக் கூட்டத்துக்கும் தலைமை வகித்தவர் ஆடிட்டர் ஐயா. ஊர்ச் சேவையில் அவருக்கு அடுத்தபடியாக உழைத்தவன் நான்தான். மாலை மட்டும் அவர் கழுத்தில் விழுந்தது.

ஆடிட்டர் ஐயா ஒல்லியான மனிதர். வேட்டி, மூடிய கழுத்துக் கோட்டு, காலுறை, சப்பாத்து. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். பெரிய பரீட்சை எல்லாம் பாஸ் செய்தவர். கடைவீதியின் பாதிக் கடைகளும் சுற்றுவட்டாரத்தில் சில தோட்டங்களும் அவருடைய பென்சிலுக்குப் பயந்தன. ஒரு தவறு கண்டால் அவர் சத்தம் போடமாட்டார். அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு, முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து மட்டுமே நேர்மையாக இருந்த முதலாளிமார் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

சேவை விஷயத்திலும் அதே ஒழுங்குதான். தெருநாய்க் கமிட்டி மூன்று வருஷம் தவறாமல் கூடியது. நாய்களும் தவறாமல் பெருகின. ஒருநாள் கூட்டம் நடக்கும்போது ஒரு நாய் உள்ளே வந்து மேசைக்கடியில் படுத்துக்கொண்டது. அதை விரட்டுவது நிகழ்ச்சிநிரலில் இல்லை என்பதால், அந்த விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நாய் அடுத்த கூட்டத்துக்கும் வந்தது.

நான் அவரிடம் சேர்ந்தது ஸ்டேஷனில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் நான். அந்த மூன்று வகுப்பையும் முடிப்பதற்குள் நாலு தடவை ஓடிப்போயிருந்தேன். அதற்குப் பிறகும் ஓடுவதை நிறுத்தவில்லை. வலப்பனையில் ரொட்டிக் கடை, பதுளை ரோட்டில் லொறி கழுவுகிற வேலை, ஸ்டேஷனில் மூட்டை தூக்குவது. எங்கேயும் நிலையாகத் தங்கியதில்லை. ஒருநாள் கோச்சியில் வந்து இறங்கியவரின் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பத்துச் சதம் கொடுத்துவிட்டு ரசீது கேட்டார். நான் சிகரெட் பெட்டியைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு சுழியும் போட்டேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து என் கந்தோருக்கு வேலைக்கு வா என்றார்.

சுதந்திரம் வந்தது. வந்த கையோடு, இந்தியாவிலிருந்து தேயிலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளான எங்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும், இத்தனை வருஷம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும் என்றார்கள். தொடர்ந்து என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே தடவையாக வெளியே போயிருக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஆடிட்டர் ஐயாவுக்கு அந்தக் கவலை இல்லை. அவரிடம் அவருடைய அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்கே பதிவுத் துண்டு இருந்தது. எங்களில் பலருக்கு அப்பா பிறந்த ஊரின் பெயரே தெரியாது.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களுக்கு இலவசமாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அது பெரிய காரியம். மற்ற பத்திர எழுத்தர்கள் ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமைக் கூலியைக் கறந்த காலம் அது. அவர் ஒரு பிளேன்டீ கூட வாங்கிக் குடிக்கவில்லை. முதல் தடவையாக இருபத்துநான்கு நாற்காலிகளும் வாசிகசாலையிலேயே நிம்மதியாக இருந்தன.

ஆனால் அவருடைய சேவையைத் தாங்குவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். ஒரு வருஷத்துக்குப் பன்னிரண்டு கட்டம், பத்து வருஷத்துக்கு நூற்றிருபது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கடுதாசி. கடுதாசி இருந்தால் சிவப்புப் பென்சிலால் சரி போடுவார். இல்லாவிட்டால் முகத்தைப் பார்ப்பார்.

என் தாளைப் போட்ட அன்று அவருக்கு நெஞ்சுவலி வராதது ஆச்சரியம்.

"என்னடா இது, நூத்திருபதுல பதினொண்ணுதான் சரி வந்திருக்கு?"

"அய்யா, மத்த மாசமும் நான் இருந்தேங்க. இல்லாட்டி இப்ப எப்படி உங்க முன்னால நிக்கிறேன்?"

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுது. தாளுக்குத் தெரியலியே."

எட்டு மாதம் லீவு நாளெல்லாம் நடந்தேன். ஓடிவந்த இடங்களுக்கெல்லாம் திரும்பிப் போய், நான் ஓடிவந்த தேதியை எழுதித் தரும்படி கேட்டேன். வலப்பனை ரொட்டிக் கடை முதலாளி முதலில் விறகுக் கட்டையை எடுத்தார். பிறகு விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, 'இவன் இந்த மாதத்திலிருந்து இந்த மாதம்வரை என் கடையில் இருந்து பதினாறு பீங்கானை உடைத்தான்' என்று எழுதிக் கொடுத்தார். ஆடிட்டர் ஐயாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தேதி தெளிவாக இருக்கிறது என்றார். டிக்கெட் இல்லாமல் கோச்சியில் போனதற்கு ஒரு தடவை என்னைப் பதினான்கு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அந்தக் கோர்ட்டுத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார்.

"அரசாங்க முத்திரை," என்றார். "இன்னும் ஒரு மூணு மாசம் உள்ள இருந்திருக்கலாம்."

இப்படியே கட்டங்கள் சிவந்துகொண்டு வந்தன. கடைசியில் ஒரே வரிசையாகப் பதினான்கு கட்டம் மட்டும் வெள்ளையாக நின்றது. அந்தப் பதினான்கு மாதம் எங்கே இருந்தாய் என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன்.

நன்றாக ஞாபகம் இருந்தது. ஹட்டனிலிருந்து நாலு மைல் தூரத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தேன். என் பெயரில் இல்லை.

யுத்த காலம். ஒரு கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு வேறொரு தோட்டத்திலிருந்து ஓடிவந்திருந்தேன். ஒரு தோட்டத்தை விட்டுப் போகிறவன் துரை கையெழுத்துப் போட்ட விடுதலைச் சீட்டோடு போக வேண்டும். சீட்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் பதியாது. பசிதான் பதியும். அந்த நேரம் நாலு மைல் தோட்டத்தில் இருந்த ஒருவருக்கு ஒரு சங்கடம். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இந்தியாவில், சொந்த ஊரில் அவருடைய அப்பா படுக்கையில் கிடந்தார். காணியைச் சித்தப்பன்மார் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். போகவேண்டும். ஆனால் போனால் பெயரை வெட்டுவார்கள். பெயரை வெட்டினால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிற ஒரே அறையையும் காலி செய்ய வேண்டும். பெண்டாட்டியும் கைப்பிள்ளையும் எங்கே போவது?

விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பெயருக்கு ஒரு குரல் கேட்டால் போதும், அன்றைக்கு அந்த ஆள் இருக்கிறான். அந்தத் தோட்டத்துக் கங்காணிக்கு ஒரு சேவலும் ஒரு போத்தல் சாராயமும் போயின. மறுநாளிலிருந்து அண்ணன் பெயரைக் கூப்பிட்டபோது நான் "ஆமாங்க" என்றேன். இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர் பதினான்கு மாதம் கழித்து வந்தார். எப்படிப் போனார், எப்படி வந்தார் என்று அவர் சொன்னதில்லை. காணி கிடைத்ததா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்.

அந்தப் பதினான்கு மாதமும் நான் லயத்து இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டேன். அண்ணி சுவர்ப்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகச் சோற்றை நீட்டுவாள். வெளியே வந்து கொடுத்தால் லயம் பேசும். ஜன்னல் வழியாகக் கொடுத்ததையும் லயம் பேசியது.

இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அண்ணன் கைநாட்டுக்காரர். சம்பள நாளில் பெருவிரலில் மை தடவி அமுக்குகிறவர். முதல் சம்பளத்தன்று கிளாக்கர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புப் படித்தவன் பெருவிரலை நீட்டுவதா? பேனாவை வாங்கி அண்ணன் பெயரை அழகாக எழுதிக் கீழே சுழியும் போட்டேன். கிளாக்கர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதமும் எழுதினேன்.

அண்ணனுடைய விண்ணப்பத்தையும் ஆடிட்டர் ஐயாதான் தயாரித்தார். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய தாளைப் பார்த்தால் கண் குளிரும். செக்ரோல் என்கிற பெயர்ப்பதிவிலிருந்து தோட்டத்து ஆபீஸ் எடுத்துக் கொடுத்த பிரதிப்படி ஒரு மாதம்கூட விடாமல் எல்லாக் கட்டமும் சிவப்பு. அந்த ஒரே விண்ணப்பத்தில் அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். பெரியவன் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். இந்தக் கடுதாசி கிடைக்காவிட்டால் ஐந்து பேரையும் என்றைக்கு வேண்டுமானாலும் கப்பலேற்றலாம். ஏற்றினால் போய் இறங்க அவர்களுக்கு ஒரு பிடி காணியும் இல்லை.

"பாத்தியாடா," என்று ஐயா அந்தத் தாளை என்னிடம் காட்டினார். "இந்த மனுஷன் வாழ்ந்திருக்கான். நீ திரிஞ்சிருக்கே."

அத்தோடு விட்டிருந்தால் அவர் வெறும் தலைவர். அவர் ஆடிட்டர். பிரதியை நம்பமாட்டார், மூலத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை அந்தத் தோட்டத்துக்கு நடந்தோம். பெரிய கிளாக்கர் கறையான் அரித்த சம்பளப் புத்தகங்களை எடுத்துப் போட்டார். நான் வாசலில் நின்றேன். ஐயா பக்கம் புரட்டுகிற சத்தம் ஒரே தாளமாகக் கேட்டது. ஓரிடத்தில் நின்றது. பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினான்கு தடவை. எனக்கு எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆனாலும் எண்ணினேன்.

திரும்பும்போது இரண்டு மைல் அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். தேயிலை மலைக்கு நடுவே ரோட்டு வளைகிற இடத்தில் நின்றார்.

"அந்த மனுஷன் கைநாட்டு வச்சிக்கிட்டே இருந்தான். நடுவுல பதினாலு மாசம் எழுதப் படிச்சிருக்கான். அப்புறம் மறந்துட்டான்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"கையெழுத்துக்குக் கீழ சுழி போடுறதுக்கு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானாத்தானுங்க."

கோட்டுப் பையிலிருந்து பழைய காகிதம் ஒன்றை எடுத்தார். சிகரெட் பெட்டியின் பின்பக்கம். பத்துச் சதத்துக்கு ரசீது. அதை அவர் பத்திரமாக வைத்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கணக்கு வந்துருச்சே! பதினாலு கட்டத்தையும் அங்கேருந்து எடுத்து ஒன் தாளுல வைக்கணும். ஒனக்கு நூத்திருபதும் சரி."

"எனக்குச் சரிதானுங்க. அண்ணனுக்கு?"

"பன்னெண்டு மாசத்துக்கு மேல வெளிய இருந்திருக்கார். சட்டம் இடம் குடுக்காது."

"அஞ்சு பேருங்க அய்யா."

"எத்தனை பேருங்கிறதுக்காக உண்மை மாறுமா? நான் கையெழுத்துப் போடுற தாளுடா அது. இருந்தவன் இல்லேன்னும், இல்லாதவன் இருந்தான்னும் எப்படிப் போடுவேன்?"

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாதபோது அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். ஒரு உபகமிட்டி அமைத்தார். விஷயம் வெளியே போகக் கூடாது என்பதால் அதில் அவர் ஒருவரே அங்கத்தவர். நான் இரண்டு நாற்காலி போட்டேன். கூட்டம் நடத்தப் போதிய அங்கத்தவர் இல்லை என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி ஒத்திவைத்தார். அடுத்த கிழமையும் அப்படியே எழுதினார். அந்தப் புத்தகம் இன்னும் எங்காவது இருந்தால் பார்க்கலாம்.

நான் போய் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணி உட்காரவில்லை. அரைநாள் வேலையன்று கொழுந்துக் கூடையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடேயே கந்தோருக்கு வந்துவிட்டாள். ஐயா நாற்காலியைக் காட்டினார். அவள் நின்றாள்.

"அய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தப் பதினாலு மாசமும் பெரட்டுல பேர் கூப்புட்டப்ப ஒரு ஆளு பதில் சொன்னானா இல்லியா?"

"சொன்னான்."

"ஒரு ஆளு மலைக்குப் போயி வேலை செஞ்சானா இல்லியா? தோட்டத்துக்கு ஏதும் நட்டமா?"

"நட்டமில்லம்மா."

"அப்பறம் என்ன குறையுதுன்னு தேடுறீங்க?"

"ஒரு ஆளு குறையுதும்மா," என்று ஐயா என்னைக் காட்டினார். "இவன்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் நான் அங்கே இருப்பது தெரிந்ததுபோல.

"இவனா? இவன் எங்கங்க குறையப் போறான்? கப்பல்ல ஏத்தி விட்டாலும் கடல் மேல நடந்தே திரும்பி வந்துருவான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயா சிரிக்கவில்லை. சட்டம், சத்தியக் கடுதாசி, நாட்டுக்கு ஒவ்வொருவரும் உண்மையாக இருக்கவேண்டிய கடமை என்று அவர் கூட்டத்தில் பேசுகிற குரலில் தொடங்கினார். அண்ணி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"பதினாலு மாசம் லயத்துல என்னையப் பத்தி என்னென்ன பேசினாளுக தெரியுமா அய்யா? புருஷன் ஒருத்தன், பேர் சொல்றவன் ஒருத்தன்னு பாட்டே கட்டினாளுக. அதையும் கேட்டுக்கிட்டுத்தான் கொழுந்து எடுத்தேன். அதுக்கு எந்தத் தாளுல கட்டம் போட்டு வச்சிருக்கீங்க?"

ஐயா பென்சிலை எடுத்தார், வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னடா சொல்றே?" என்றார்.

என்ன சொல்வது? எனக்குக் காலி செய்ய ஒரு அறை இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த ஒரு பிள்ளை இல்லை. கப்பலேற்றினால் சுமக்க ஒரு பாத்திரமும் இல்லை. பெரிய மனசு ஒன்றும் இல்லை இதில். "என் கட்டம் காலியாவே இருக்கட்டுங்க," என்றேன்.

"அப்ப ஒனக்குக் கெடைக்காதுடா."

"இத்தன நாளு அது இல்லாமத்தானுங்க இருந்தேன்."

விண்ணப்பங்கள் போயின. சட்டம் வேலை செய்கிற வேகத்துக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டித் திரும்பத் துளிர்க்க வைத்துவிடலாம், அதுவும் இரண்டு தடவை. விசாரணைக்கு வருவதற்குள் நாற்காலிகளில் ஆறு உடைந்துபோயின. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே நாளுக்கு அழைப்பு வந்தது. ஆடிட்டர் ஐயா இரண்டு பேருக்கும் துணையாக வந்தார்.

அண்ணனுடையது கால்மணி நேரத்தில் முடிந்தது. விசாரணை அதிகாரி சிவப்புக் கட்டங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் ஒவ்வொரு கேள்விக்கும் "ஆமாங்க" என்றார். அந்த வார்த்தையை அவருக்காக நான் பதினான்கு மாதம் சொல்லியிருக்கிறேன், அதை அவர் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

பிறகு நான். அதிகாரி இங்கிலீஷில் கேட்க, ஒரு யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் அதை அவருடைய தமிழில் சொன்னார். இரண்டும் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

"அந்தப் பதினாலு மாசமும் நீர் எங்கை இருந்தனீர்?"

"சுத்திக்கிட்டு இருந்தேங்க."

"இந்தியாவிலையோ?"

"இல்லீங்க. இங்கதான்."

"ஆர் சாட்சி?"

"யாரும் இல்லீங்க."

அதிகாரி என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொட்டிக் கடைக் கடிதத்தைப் படித்துக் கொஞ்சம் சிரித்தார். பிறகு ஆடிட்டர் ஐயாவின் பக்கம் திரும்பி மரியாதையாக ஏதோ கேட்டார். கூட வந்திருந்த எங்கள் கந்தோர்க் கிளாக்கர் பின்னால் எனக்கு விளக்கிச் சொன்னதை எழுதுகிறேன். 'இவ்வளவு சுத்தமான தாளை நான் இந்த மாவட்டத்தில் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னால் நான் நம்புவேன். இந்தப் பதினான்கு மாதத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?'

ஐயா எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த அறையில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தது கதவு வழியாகத் தெரிந்தது. சின்னப் பெண் தரையில் கால்நீட்டிக் கிழங்கு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். ஒரு மனிதர் பொய் சொல்லத் தொடங்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

அவர் ஒரு வாக்கியம் சொன்னார். 'எனக்குக் காட்டப்பட்ட ஏடுகளையும், எனக்குத் தரப்பட்ட விளக்கங்களையும் வைத்தே இதைத் தயாரித்தேன்.'

ஆடிட்டர்மார் ஒவ்வொரு கணக்கின் அடியிலும் எழுதுகிற வாக்கியம் அது. பின்னால் ஏதாவது வெடித்தால் தப்பித்துக்கொள்வதற்கு எழுதுவார்கள் என்று கிளாக்கர் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. அதிகாரி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

வெளியே வந்ததும் அண்ணி ஐயாவைக் கும்பிட்டாள். அவர் அதைப் பார்க்காததுபோல நடந்தார். அடுத்த நாள் காலை ஏழு கடிதங்களைக் கையில் கொடுத்தார். ஏழு சங்கங்களிலிருந்தும் அவர் தலைமைப் பதவியை விடுகிறார். காரணம் எழுதவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் ஊர் கலங்கிப்போயிற்று. அவர் போனால் அந்த ஏழு இடத்துக்கும் சண்டை வரும், சண்டை வந்தால் கூட்டம் நடத்த நாற்காலி போதாது.

சாயங்காலம் எல்லாரும் ஒன்றாகத் திரண்டு அவரைச் சமாதானப்படுத்த ஒரு கூட்டம் போட்டார்கள். இருந்த பதினெட்டு நாற்காலியையும் நான் விரித்தேன். புடவைக் கடை முதலாளி எழுந்து, பொய் என்ற சொல்லுக்கு அர்த்தமே தெரியாத மகான் என்று பேசினார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தவர், தலையைக் குனிந்திருக்கிறாரே, இந்த அடக்கத்தைப் பாருங்கள் என்றார். கைதட்டினார்கள். மாலை விழுந்தது. கடைசியில் ஆறு பதவியைத் திரும்ப ஏற்றுக்கொண்டார். தெருநாய்க் கமிட்டியை மட்டும் வேண்டாமென்றுவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முடிவு இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்தது. அண்ணன் குடும்பம் ஐந்து பேரும் இந்நாட்டுப் பிரஜைகள். நான் தொடர்ந்து இருந்ததற்கு அத்தாட்சி போதாது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஐயா அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தார். கடிதத்தில் என் பைலின் கோவை இலக்கம் பிழையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் திருத்தும்படி இலாகாவுக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் திருத்தி, சரியான இலக்கத்தோடு இன்னொரு முறை நிராகரித்து அனுப்பினார்கள்.

கொஞ்ச காலம் கழித்துத் தேர்தல் வந்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் முதல் ஓட்டு. புதிதாக ஓட்டுக் கிடைத்தவர்களுக்காக ஐயா வாசிகசாலையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தினார். மட்டைப் பெட்டி, மாதிரிச் சீட்டு, ஒரு புள்ளடிக் குறி, ஒன்றே ஒன்று, கோட்டுக்கு வெளியே போகக் கூடாது. அண்ணன் மூன்று வகுப்புக்கும் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஐயா சொன்னதற்கெல்லாம் ஆமாங்க என்றார்.

தேர்தலன்று அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். நானும் கூட நடந்தேன். சாவடிக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது. ஓட்டு இல்லாதவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். நான் ரோட்டுக் கரையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஐயா பக்கத்தில் நின்றுகொண்டு வகுப்புக்கு வந்தவர்களின் பட்டியலை வைத்து ஒவ்வொருவராகச் சரி போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் வெளியே வந்தார். முகம் கல்யாண மாப்பிள்ளைமாதிரி இருந்தது.

"சரியாப் போட்டீங்களா?" என்றார் ஐயா.

"போட்டேங்க. எல்லாத்துக்கும் போட்டுட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"ஆமாங்க. நாலு பேருமே லயத்துக்கு வந்து கும்புட்டாங்க. ஒருத்தருக்குப் போட்டு இன்னொருத்தருக்குப் போடாம விட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்களப் பாக்குறது? கோட்டுக்கு வெளிய போகாம நாலும் சுத்தமாப் போட்டேங்க."

ஐயாவின் பென்சில் பட்டியலுக்கு மேலே அப்படியே நின்றது. சரி போடுவதா வட்டம் போடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. செல்லாத வாக்கு என்று முணுமுணுத்தார். நான் கல்லிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. அண்ணன் என்னைப் பார்த்து, "ஏன்டா, தப்பாப் போச்சா?" என்றார். இல்லண்ணே, அழகாப் போட்டிருக்கீங்க என்றேன்.

அண்ணி பெண்கள் வரிசையில் நின்று உள்ளே போயிருந்தாள். வெகுநேரம் கழித்து வந்தாள். அண்ணன் செய்த காரியத்தைக் கேட்டுத் தலையில் ஒரு குட்டு வைத்தாள், எல்லாரும் பார்க்க.

"நீங்க எத்தனை போட்டீங்க அண்ணி?" என்றேன்.

"ஒண்ணு."

"யாருக்கு?"

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மழை பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"அதக் கேக்குறியே, ஒனக்கு ஓட்டு இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப பேசாம நட," என்றாள்.